கைமாத்தாக ஒரு கோல்கீப்பர்

சனிக்கிழமை சாயங்காலமானால் நல்லம்மாள் கடை வாசலில் சத்தம் பலமாக இருக்கும். ஆற்றோரத் தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அடிதடி என்று நினைத்து ஓடிவந்து பார்ப்பார்கள். அடிதடி இல்லை. அது கால்பந்துப் பேச்சு.

"கோலாலம்பூர்க்காரங்க வெளி ஆளைக் காசு கொடுத்து வாங்குறாங்க. அதான் ஜெயிக்கிறாங்க. இல்லன்னா நம்ம சிலாங்கூரைத் தொட முடியுமா?" என்று பெஞ்சைத் தட்டினார் செல்லன். காலையில் ரப்பர் மரம் சீவி, பால் எடுத்து, மதியம் தூங்கி எழுந்து, சாயங்காலம் கால்பந்து பேசுவது அவர் வழக்கம்.

"போன மாசம் நீதானே சொன்ன, நாமளும் ஒரு நல்ல ஃபார்வர்டை வெளியில இருந்து வாங்கணும்னு?" என்று கேட்டார் ஹியூபர்ட். அவர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. எதையும் மறக்க மாட்டார்.

"அது வேற லா! நாம வாங்கினா டீமைப் பலப்படுத்துறோம். அவன் வாங்கினா அது திருட்டு."

"அப்போ மேனேஜரை மாத்தணும்னு சொன்னியே, அது?"

"மேனேஜரை எப்பவும் மாத்தணும்!"

கடைக்குள் இருந்து நல்லம்மாள் எட்டிப் பார்த்தார். "மேனேஜரை அப்புறம் மாத்தலாம். அந்த டீ கிளாசைக் கொடுங்க. கழுவணும்."

செல்லனின் மகள் கங்கா சிரித்துவிட்டாள். பதினொரு வயது. கையில் ஒரு கிண்ணம், கிண்ணம் நிறைய முருங்கைக்கீரை. ஹியூபர்ட் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். கால்பந்துப் பேச்சு காதில் விழுந்ததும் கால் நின்றுவிட்டது.

இரண்டு நாளைக்கு முன் கங்காவின் அம்மா திலகம், ஹியூபர்ட்டின் மனைவி டொரீனிடம் ஒரு கிண்ணம் சீனி கைமாத்தாக வாங்கியிருந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அது தினமும் நடப்பதுதான். ஒரு வீட்டில் உப்பு தீரும், இன்னொரு வீட்டில் கருவாடு தீரும். பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்கலாம். இருப்பவர்கள் கொடுப்பார்கள். சீனியை நேற்றே திருப்பிக் கொடுத்தாயிற்று. கிண்ணம் மட்டும் பாக்கி.

கங்கா அதை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அம்மா தடுத்தார். "வெறும் கிண்ணத்தையா கொண்டுபோற? டொரீன் அக்கா என்ன நினைப்பாங்க?" அப்படித்தான் கீரை கிண்ணத்துக்குள் வந்தது.

அந்த நேரத்தில் பெர்னாட் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் ஹியூபர்ட்டின் மகன், கங்காவின் வகுப்பு.

"சேது போயிட்டான்!"

"எங்க போயிட்டான்?"

"சிவானந்தம் டீமுக்கு! பூட்ஸ் கொடுத்துட்டாங்க. புது பூட்ஸ்! இங்க பாரு, இப்படிப் பளபளன்னு!"

கங்காவின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. கொஞ்சம் கீரை தரையில் விழுந்தது.

விஷயம் சின்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. ஒவ்வொரு வருடமும் அன்றைக்குப் பெரியவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் சிறுவர்கள் ஆட்டம் நடக்கும். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் போட்டி. அணிக்கு ஏழு பேர். ஏழு பேர் இல்லாத அணி ஆட முடியாது என்பது கோயில் கமிட்டியின் சட்டம்.

கீழ் லயத்தில் சரியாக ஏழு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் பந்துக்குப் பின்னால் ஓடும்போது கால்சட்டையைப் பிடித்துக்கொள்ளும் வயது. கங்கா எல்லாரையும்விட நன்றாக உதைப்பாள். ஆனால் பெண்பிள்ளைகள் ஆடக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. "அப்போ நான் மேனேஜர்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. ஏழு பேரும் "நான்தான் ஃபார்வர்ட்" என்று சண்டை போடும்போது, அதைத் தீர்க்க ஒருத்தி வேண்டியிருந்தது.

மேல் லயத்துக்கு இந்த வருடம் யோகம். சிவானந்தம் அந்த அணியை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது தோட்டத்துக்கு வெளியே சிம்பாங் முச்சந்தியில் வீடு கட்டி, மூன்று லோரி வைத்துத் தேங்காய் வியாபாரம் செய்கிறார். சபாக், பாகான் நக்கோடா ஓமார் பக்கமெல்லாம் போய்த் தேங்காய் வாங்கி வந்து கோலாலம்பூருக்கு அனுப்புவார். அணிக்குச் சிவப்பு ஜெர்சி, தோல் பந்து, ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் தனபாலன் என்ற கோச், எல்லாம் அவர் செலவு. ஜெர்சியின் முதுகில் அவர் பெயர். தோட்டத்தில் அதற்கு 'மூணு லோரி டீம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சேது கீழ் லயத்தின் ஒரே கோல் இயந்திரம். அவனும் இப்போது மூணு லோரி டீமில்.

"துரோகிப் பய!" என்றார் செல்லன். "ஒரு ஜோடி பூட்ஸுக்கு லயத்தை வித்துட்டான்."

கங்கா அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, நாம வாங்கினா பலப்படுத்துறது, அவங்க வாங்கினா திருட்டு. சேதுவை அவங்க வாங்கிட்டாங்க. அப்போ திருடினது அவங்கதானே? சேது எப்படித் துரோகி ஆனான்?"

செல்லன் டீ குடிக்கக் கையைத் தூக்கினார். கையில் கிளாஸ் இல்லை. நல்லம்மாள் அதை எப்போதோ கழுவப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். வெறும் கையைத்தான் வாய்க்குக் கொண்டுபோனார்.

ஹியூபர்ட் சிரித்த சிரிப்பு கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை லயத்துப் பொதுக் குழாயடியில் சேது தனியாக நின்றான். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பெர்னாட்டும் மற்றப் பையன்களும் தூரத்தில் நின்றார்கள். அவனோடு யாரும் பேசுவதில்லை என்று முடிவாகிவிட்டதாம்.

கங்கா நேராகப் போய்க் குழாயை மூடினாள். "தண்ணி வீணாப் போகுது."

சேது நிமிர்ந்து பார்த்தான். "நீயும் பேச மாட்டேன்னு நினைச்சேன்."

"பூட்ஸ் எப்படி இருக்கு?"

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடியது. "நல்லாருக்கு. ஆனா குதிகால்ல தோல் உரிஞ்சிருச்சு. நான் இதுவரைக்கும் செருப்பு தவிர ஒண்ணும் போட்டதில்ல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கங்கா, எனக்குப் பூட்ஸ் ரொம்ப ஆசை. அதான் போனேன். வேற ஒண்ணும் இல்ல."

கங்காவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. பூட்ஸ் கொடுத்தால் அவளும் ஆசைப்பட்டிருப்பாள்.

"அங்க எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டுப் பேர் இருக்கோம். சிவானந்தம் மாமாவோட மவன் ராஜுவுக்குத்தான் இடம் இல்ல."

"அவங்க அப்பாவோட டீம், அவனுக்கே இடம் இல்லையா?"

"ராஜு ஃபார்வர்டா நிக்கணும்னு மாமாவுக்கு ஆசை. ஆனா அவன் காலுக்கும் பந்துக்கும் சேரவே மாட்டேங்குது. கோச் பாத்தாரு, 'இவன் வேண்டாம், சேதுவைக் கொண்டாங்க'ன்னு சொல்லிட்டாரு. நான் வந்ததும் ராஜு வெளியே போயிட்டான். இப்போ தண்ணி போத்தலைப் பாத்துக்கிறான்." சேது வாளியைத் தூக்கினான். "அவன் என்னோட சண்டை போடவே இல்ல. எனக்குத் தண்ணி வேற கொடுக்கிறான். அதுதான் கஷ்டமா இருக்கு."

அன்று மதியம் கங்கா அப்பாவின் சைக்கிளை எடுத்தாள். பெர்னாட் பின்னால் ஏறிக்கொண்டான்.

"எங்க போறோம்?"

"சிவானந்தம் மாமா கிட்ட. சேதுவைத் திருப்பிக் கேக்கப் போறோம்."

"கொடுப்பாரா?"

"கேட்டாத்தானே தெரியும்?"

சிம்பாங்கில் சிவானந்தத்தின் கொட்டகை பெரியது. உரித்த தேங்காய்கள் மலையாகக் குவிந்திருந்தன. கோலாலம்பூர் போகும் லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற ஓர் ஆள் குனிந்து, கைக்கு ஒன்றாக இரண்டு தேங்காயை எடுத்து, இரண்டையும் ஒன்றாக மேலே எறிந்தான். லோரியின் மேல் ஒரு பையன் நின்றான். இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று. டப், டப். பிடித்தான், அடுக்கினான், திரும்பினான். அதற்குள் அடுத்த இரண்டு காற்றில் வந்துவிட்டன. டப், டப்.

"ராஜு!" என்று கூப்பிட்டாள் கங்கா. "அப்பா இருக்காரா?"

"உள்ள இருக்காரு" என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னான் ராஜு. கீழே நின்ற ஆளுக்குக் கை வழுக்கிவிட்டது. ஒரு தேங்காய் எங்கோ விலகி, லோரிக்கு வெளியே பறந்தது. நேராகப் பெர்னாட் தலைக்கு. ராஜுவின் உடம்பு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. விரல் நுனியில் தேங்காய் நின்றது.

"மன்னிச்சுக்க" என்றான் பெர்னாட்டைப் பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல.

பெர்னாட் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு கங்காவைப் பார்த்தான். கங்கா ஏற்கெனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்னாட்தான் கீழ் லயத்தின் கோல்கீப்பர். அது அவன் ஆசைப்பட்ட வேலை இல்லை. யாரும் நிற்க மாட்டேன் என்றதால் அவனை நிறுத்தியிருந்தார்கள். ஓட்டத்தில் அவனைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அவ்வளவு வேகமாக ஓடுகிறவனைப் போய் ஒரே இடத்தில் நிற்க வைத்திருந்தார்கள்.

சிவானந்தம் உள்ளேயிருந்து வந்தார். தோளில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு.

"என்னம்மா மேனேஜர்! சேதுவைத் திருப்பிக் கேக்க வந்தியா? கொடுக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வெற்றிக் கிண்ணம் நம்ம வீட்டு அலமாரியில நிக்கணும்."

"சேது வேண்டாம் மாமா" என்றாள் கங்கா. சைக்கிளில் வரும்போது யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் இப்போது அவளுக்குத் தேவைப்படவில்லை. "ராஜுவைக் கொடுங்க."

தேங்காய் எறிந்துகொண்டிருந்த ஆள் நிறுத்திவிட்டான்.

"என் மவனையா?" சிவானந்தம் சிரிக்கப் பார்த்தார். "என் மவனை வாங்குற அளவுக்கு உங்க டீம்ல பணம் இருக்கா?"

"வாங்கலை மாமா. கைமாத்தாத்தான் கேக்குறேன். உங்ககிட்ட எட்டுப் பேர் இருக்காங்க. எங்ககிட்ட ஆறு பேர். ஏழு பேர் இல்லன்னா நாங்க ஆடவே முடியாது. நாங்க ஆடலன்னா உங்க டீம் யாரோட ஆடும்? ஒரு ஆட்டம் மட்டும். முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துருவோம்."

"எப்படியும் அவன் சும்மாதானே உக்காந்து..." என்று ஆரம்பித்த பெர்னாட் "ஆ!" என்று கத்தினான். கங்கா அவன் காலை மிதித்திருந்தாள்.

சிவானந்தம் லோரியின் மேல் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

ராஜு இரண்டு கையிலும் தேங்காயோடு நின்றான். "போறேன்ப்பா."

"நம்ம டீமுக்கு எதிரா ஆடுவியா?"

"நம்ம டீம்ல நான் ஆடவே இல்லையேப்பா" என்றான் ராஜு. குரலில் கோபம் இல்லை. அப்பா மறந்துவிட்ட ஒன்றை எடுத்துச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

சிவானந்தம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். இந்த அணியை அவர் ஆரம்பித்ததே ராஜுவுக்காகத்தான். பிறகு கோச் வந்தார், ஜெர்சி வந்தது, சேது வந்தான். கிண்ணத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். எப்போது ராஜுவின் கைக்குத் தண்ணி போத்தல் போனது என்று அவருக்கே தெரியவில்லை.

"லயத்துல பிறந்தவன்கிட்ட வந்து கைமாத்துன்னு கேட்டுட்ட" என்றார் கடைசியில். "வீட்டுல இருக்கிறதை இல்லன்னு சொல்லக் கூடாது. கொண்டு போ. ஆனா உடையாம திருப்பிக் கொடு."

கீழ் லயத்துப் பையன்களுக்கு முதலில் பிடிக்கவில்லை.

"வேவு பாக்க வந்திருக்கான்" என்றான் ஒருவன்.

"நம்மகிட்ட வேவு பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டாள் கங்கா. எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

இருந்தது ஒரு பந்துதான். ரப்பர் மரத்துப் பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல் நூலாக உரித்து, அதைச் சுற்றிச் சுற்றி உருட்டிய ஒட்டுப்பால் பந்து. ஏழு பேரும் கங்காவும் சேர்ந்து பல மாதம் சுற்றியது. கறுப்பாக, கனமாக, கொஞ்சம் நாற்றமாக இருக்கும். தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று அதற்கே தெரியாது.

ராஜு அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துத் தும்மினான். "நல்லாருக்கு" என்றான். அப்போதே பையன்களுக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

பெர்னாட் ஃபார்வர்டாக முன்னால் போனான். ராஜு இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவில் நின்றான். தலைக்கு மேல் அடித்தார்கள், பிடித்தான். இடது பக்கம் அடித்தார்கள், பிடித்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒட்டுப்பால் பந்தும் ஒரு பழைய டென்னிஸ் பந்தும் அடித்தார்கள். கைக்கு ஒன்றாகப் பிடித்தான்.

"அடேயப்பா!" என்றான் வேவு என்று சொன்னவன்.

பிறகு கங்கா தரையோடு தரையாக ஒன்று உதைத்தாள். பந்து ராஜுவின் கால் நடுவில் புகுந்து பின்னால் இருந்த கால்வாயில் விழுந்தது.

ராஜு திகைத்து நின்றான். "தேங்காய் கீழ உருண்டு வராதே" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ராஜுவும் சிரித்தான். கங்கா மட்டும் சிரிக்கவில்லை. கால்வாயிலிருந்து பந்தை எடுத்து வந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கு. தினமும் நான் கீழேயே அடிக்கிறேன். நீ பிடி."

தினமும் அடித்தாள். பாதம் சிவக்கும் வரை அடித்தாள். முதல் நாள் பாதிக்கு மேல் கால்வாயில் விழுந்தன. வெள்ளிக்கிழமை இரண்டோ மூன்றோ விழுந்தன. சனிக்கிழமையும் ஒன்று விழுந்தது.

"மேனேஜர், அந்த ஒண்ணு?" என்று கவலையோடு கேட்டான் ராஜு.

"அது எல்லாருக்கும் விழும்" என்றாள் கங்கா.

திருவிழா அன்று திடலைச் சுற்றித் தோட்டமே கூடியிருந்தது. கரும்புச் சாறு விற்கிறவர் செகிஞ்சானிலிருந்து வந்திருந்தார். கோயில் பக்கம் சாமி புறப்பாட்டுக்கு மேளக்காரர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மேளம் கேட்டால் எந்த ஆட்டமும் அந்த இடத்தில் நிற்கும். அதுவும் கமிட்டியின் சட்டம்.

மூணு லோரி டீம் சிவப்பு ஜெர்சியில் வந்தது. கீழ் லயத்து அணி ஆளுக்கொரு நிறச் சட்டையில் வந்தது. கோலில் ராஜுவைப் பார்த்ததும் செல்லன் ஹியூபர்ட்டிடம் திரும்பினார்.

"இது என்ன, முதலாளி மவன் நம்ம பக்கம்?"

"உன் மவதான் கொண்டு வந்திருக்கா."

"வாங்கிட்டாளா?"

"கைமாத்தாம்."

செல்லன் ராஜுவை மறுபடியும் உற்றுப் பார்த்தார். இருபது வருடக் கால்பந்துப் பேச்சில் இப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் சேது பந்தைப் பிடித்தான். பூட்ஸ் கடித்தாலும் சேது சேதுதான். இரண்டு பேரைத் தாண்டி, தரையோடு தரையாக அடித்தான். ராஜு விழுந்தான். பந்து அவன் விரலுக்கு அடியில் நழுவிப் போனது. கோல்!

சிவானந்தம் துள்ளி எழுந்து கை தட்டினார். தட்டிக்கொண்டே கோல் பக்கம் பார்த்தார். ராஜு மண்ணில் கிடந்தான். கை தட்டுவது மெதுவாக நின்றது.

கங்கா கோட்டுக்கு வெளியே ஓடிவந்து நின்றாள். "ராஜு! அந்த ஒண்ணு விழுந்துருச்சு. இனி விழாது!"

ராஜு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு மேலே வந்ததெல்லாம் அவன் கையில் நின்றது. டப், டப். பிடித்த பந்தைக் காலால் உதைக்காமல், தேங்காயை எறிவதுபோலவே எறிந்தான். அது பாதித் திடலைத் தாண்டிப் பெர்னாட் முன்னால் விழுந்தது. பெர்னாட் ஓடினான். அவன் ஓடுவதை அன்றுதான் தோட்டம் முழுதாகப் பார்த்தது. சிவப்புச் சட்டைகள் திரும்புவதற்குள் பந்து கோலுக்குள் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று!

"என் மவன்!" என்று ஹியூபர்ட் தொப்பியைத் தூக்கி எறிந்தார். அது கரும்புச் சாற்று வண்டியில் விழுந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மேளக்காரர் ஒருவர் தோலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அப்போது சேது மறுபடியும் தனியாக வந்துவிட்டான். அவனுக்கு முன்னால் ராஜு மட்டும்தான். திடலே எழுந்து நின்றது. சேது காலைப் பின்னால் இழுத்தான்.

"பிடிடா ராஜு!" என்று ஒரு குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. "கீழ வரும்டா! கீழ பாருடா!"

சிவானந்தத்தின் குரல்.

கோச் தனபாலன் அவர் கையைப் பிடித்தார். "அண்ணே, அடிக்கிறது நம்ம ஆளு!"

"எவன்யா நம்ம ஆளு? அங்க நிக்கிறது என் மவன்!"

பந்து தரையோடு வந்தது. ராஜு முழு உடம்போடும் அதன் மேல் விழுந்தான். புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது பந்து அவன் நெஞ்சுக்கு அடியில் இருந்தது. முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கிவிட்டது சேதுதான்.

கோயிலில் மேளம் முழங்கியது. ஆட்டம் நின்றது.

யாருக்குக் கிண்ணம் என்று கமிட்டி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தது. கடைசியில் அது நல்லம்மாள் கடை அலமாரியில், சீனி டப்பாவுக்கும் பிஸ்கட் டின்னுக்கும் நடுவில் போய் நின்றது. பரிசாக வைத்திருந்த சோடாவை இரண்டு அணியும் சேர்ந்து குடித்தார்கள். சேது பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓரமாக நின்றான். பெர்னாட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாதி குடித்த போத்தலை நீட்டினான்.

"இந்தா. பூட்ஸை ஒரு நாள் எனக்கும் கொடு. போட்டுப் பாக்கணும்."

"குதிகால்ல தோல் உரியும்."

"உரியட்டும்."

கூட்டம் சாமி பின்னால் போகத் தொடங்கியதும், கங்கா ராஜுவை அழைத்துக்கொண்டு சிவானந்தத்திடம் போனாள்.

"மாமா, கைமாத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். உடையல. முழங்கையில மட்டும் கொஞ்சம் சிராய்ப்பு."

சிவானந்தம் மகனின் தலைமுடியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

கங்கா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்து ராஜுவின் கையில் வைத்தாள். ஒட்டுப்பால் பந்து.

"இது எதுக்கும்மா?" என்றார் சிவானந்தம். "இது உங்க டீமோட பந்தாச்சே."

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் மாமா. வெறும் கிண்ணமாத் திருப்பிக் கொடுக்கக் கூடாதில்ல?"

மறுநாள் சாயங்காலம். நல்லம்மாள் கடை வாசலில் செல்லனும் ஹியூபர்ட்டும் சிலாங்கூர் மேனேஜரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது சிம்பாங் பக்கமிருந்து ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தது. ராஜு. பின் கேரியரில் ஒட்டுப்பால் பந்து, ஹாண்டில் இரண்டு பக்கமும் பை நிறையத் தேங்காய்.

"அப்பா கொடுத்து விட்டாரு" என்று மூச்சு வாங்கக் கங்காவிடம் சொன்னான். "பந்து உங்களோடதாம். அதையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதாம், அதான் தேங்காய்."

பிறகு, அப்பா சொல்லி அனுப்பாததையும் கேட்டான்.

"மேனேஜர், இன்னிக்கும் கைமாத்து வேணுமா?"

கங்கா ஒரு தேங்காய்ப் பையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குள் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டே, ராஜுவோடு திடலைப் பார்த்து நடந்தாள்.